பக்கத்து ஸீட்டு பிரேக்

எல் போர்டு மாட்டிய கார் ஒன்றின் பின்னால், அவசரமான காலை வேளையில், நீங்கள் அகப்பட்டுக்கொண்டதுண்டா? உண்டு என்றால், அந்தக் காரை ஓட்டியவரைப் பற்றி மனத்துக்குள் என்னென்ன சொல்லிக்கொண்டீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த வண்டியில், ஓட்டுகிறவருக்கு இடது பக்கத்தில், கையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அவரைப் பற்றி என்றைக்காவது நினைத்துப் பார்த்தீர்களா? ‘கொடுத்து வைத்த ஆசாமி, உட்கார்ந்தபடியே சம்பளம் வாங்குகிறார்’ என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போது வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, அந்த ஸீட்டில் உட்கார்ந்திருப்பது நான்தான்.

பத்திரிகை ஆபீஸில் உத்தியோகம் பார்க்கிறவளுக்கு இது என்ன வேண்டாத வேலை என்று கேட்பீர்கள். என் மாமியாரும் அதைத்தான் கேட்டார். நடந்தது இதுதான். சென்னையில் கார் வைத்திருப்பவர்கள் கூடி நடத்துகிற சங்கம் ஒன்றில் டிரைவிங் பள்ளி இருக்கிறது. அங்கே கற்றுக்கொள்ள வரும் பெண்களின் தொகை ஏறிக்கொண்டே போகிறது, கற்றுக்கொடுக்கத்தான் ஒரு பெண் கூட இல்லை என்று எங்கள் ஆசிரியர் காதில் விழுந்தது. “போய்ப் பார்த்து இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்” என்று என்னை அனுப்பினார். போனேன். அந்த இரண்டு பக்கத்தை ஒன்றரை வருஷம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன்.

பள்ளியின் தலைமை ஆசிரியரை எல்லோரும் ‘மாஸ்டர்’ என்றே கூப்பிடுகிறார்கள். அறுபதைத் தாண்டியவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பேச்சுவாக்கில் நான், “எனக்கு லைசென்ஸ் வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, மாஸ்டர். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. நானே கற்றுக்கொடுத்துவிடுவேன் போலிருக்கிறதே!” என்று பெருமையடித்துக்கொண்டேன்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. “பன்னண்டு வருஷமா கிளட்ச் மிதிக்கிறீங்க. மிதிச்சா உள்ளே என்னம்மா நடக்குது? சொல்லுங்க பார்ப்போம்” என்றார்.

நான் விழித்தேன். பி.ஏ. படித்திருக்கிறேன், பத்திரிகையில் உலக சமாசாரமெல்லாம் எழுதுகிறேன். தினம் நூறு தடவை மிதிக்கிற சாமானைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை. அந்த ரோஷத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

ரோஷம் மட்டும் போதாது என்பது பிறகுதான் தெரிந்தது. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24-ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. டிரைவிங் பள்ளியில் ஆசிரியராக வேண்டுமென்றால் பத்தாவது தேறியிருக்க வேண்டும். ஐந்து வருஷமாவது வண்டி ஓட்டிய அனுபவம் வேண்டும். அதோடு மோட்டார் மெக்கானிக் வேலை படித்த சர்ட்டிபிகேட்டும் வேண்டும். முதல் இரண்டும் என்னிடம் இருந்தன. மூன்றாவதற்காக ஆபீஸ் முடிந்ததும் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

இருபது பையன்கள், நான் ஒருத்தி. முதல் நாளிலிருந்தே ‘அக்கா’ ஆகிவிட்டேன். புடைவைத் தலைப்பில் ஒரு தடவை கிரீஸ் பட்டதோடு சல்வாருக்கு மாறினேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைக்கவும், ஜாக்கி வைத்து டயர் மாற்றவும் கற்றுக்கொண்டேன். பெட்ரோல் குழாயில் அடைப்பு எடுக்கிற பாடத்தின்போது, “அக்கா, இது உங்களால் ஆகாது, விடுங்க” என்று ஒரு பையன் உபசாரமாகச் சொன்னான். அவனுக்கு நான் பெர்த்தா பென்ஸ் அம்மாளின் கதையைச் சொன்னேன். 1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மனியில் அந்த அம்மாள் தம் புருஷன் செய்த மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே கிளப்பிக்கொண்டு, இரண்டு பையன்களையும் கூட ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ஷைமில் இருந்த தாயார் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல்! வழியில் எரிபொருளை மருந்துக்கடையில் வாங்கினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியை எடுத்துக் குத்திச் சரிசெய்தார். பிரேக் தேய்ந்துபோனதும் செருப்புத் தைக்கிறவரைப் பிடித்துத் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். தாயார் வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஒரு பெண் தீர்மானித்துவிட்டால் குழாய் அடைப்பு என்ன செய்யும்? பையன் குழாயை என்னிடம் கொடுத்துவிட்டான்.

கிளட்ச் விஷயமும் அங்கேதான் புரிந்தது. ஓடுகிற பஸ்ஸில் தொற்றுகிற பிள்ளைகளைப் பார்த்து நாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்கிறோம் அல்லவா? அவர்கள் நின்ற இடத்திலிருந்தே கம்பியைப் பிடித்தால் கை பிய்ந்துபோகும். அதனால் கூடவே கொஞ்ச தூரம் ஓடி, பஸ்ஸின் வேகம் தங்கள் காலுக்கும் வந்த பிறகு தாவுகிறார்கள். இன்ஜின் எப்போதும் சுழன்றுகொண்டிருக்கிற பஸ். சக்கரம் நின்றுகொண்டிருக்கிற பிள்ளை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தட்டுத்தான் கிளட்ச். பெடலை மிதித்தால் தட்டு விலகும்; மெல்ல விட்டால் உரசி உரசி, கூடவே ஓடி, பிறகு ஒட்டிக்கொள்ளும். சட்டென்று விட்டால் வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிடும். இதை நான் மாஸ்டரிடம் சொன்னபோது, “இப்படியே சொல்லிக் குடுங்க, ஆனா பஸ்ல தாவச் சொன்னதா எவனும் புகார் குடுக்காம பார்த்துக்குங்க” என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் பின் ஸீட்டில் உட்கார்ந்து, மாஸ்டர் கற்றுக்கொடுப்பதைப் பார்க்க வேண்டும். பிறகு நான் முன்னால், அவர் பின்னால். பாடத்தைவிட அவருடைய வாயைத்தான் கவனித்தேன். “லெஃப்டில் திரும்புங்க” என்பதை அவர் திருப்பத்துக்கு எவ்வளவு முன்னால் சொல்கிறார் தெரியுமா? மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் போய்விடுகிறது. பழகியவர்கள் கேட்ட மாத்திரத்தில் செய்துவிடுவார்கள். புதிதாகக் கற்கிறவருக்கோ, காதில் விழுந்து, பயந்து, கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் எந்தப் பக்கம் என்று தேடி முடிப்பதற்குள் திருப்பம் பின்னால் போயிருக்கும்.

இன்னொன்று, ‘ரைட்’ என்ற வார்த்தை. நம் ஊர் கண்டக்டர் ‘ரைட்!’ என்றால் ‘போ’ என்று அர்த்தம். ஆபீஸில் ‘ரைட்’ என்றால் ‘சரி’. காரில் உட்கார்ந்தால் அது வலது பக்கம். ஒரு நாள் கல்லூரிப் பெண் ஒருத்தி அழகாக கியர் மாற்றினாள். நான் மனம் குளிர்ந்து, “ரைட்!” என்றேன். அவள் சாதுவான பெண்; சொன்னதைச் செய்கிறவள். அப்படியே வலது பக்கம் ஒடித்து, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் போட்டிருந்த கோலத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். பின் ஸீட்டிலிருந்து மாஸ்டரின் பெருமூச்சு மட்டும் கேட்டது. அன்றிலிருந்து காரில் நான் ‘ரைட்’ என்று சொல்வது வலது பக்கத்துக்கு மட்டுந்தான். மெச்சுவதற்கு ‘பேஷ்’ இருக்கிறது.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன்.

எங்கள் பள்ளி வண்டியில் இடது பக்கத்து ஸீட்டுக்கும் பிரேக், கிளட்ச் இரண்டும் உண்டு. ஆக்ஸிலேட்டர் கிடையாது, ஸ்டீரிங் கிடையாது. என் பக்கத்து பெடலும் ஓட்டுகிறவர் பக்கத்து பெடலும் கம்பியால் பிணைக்கப்பட்டவை. நான் மிதித்தால் அவர் காலடியில் இருக்கிற பெடலும் தானாகவே கீழே இறங்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மந்தைவெளியிலிருந்து ஒரு மாமி கற்றுக்கொள்ள வந்தார். ஐம்பத்து நாலு வயது. கணவர் நாற்பது வருஷம் தாமே காரோட்டியவர். திடீரென்று பக்கவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆட்டோவில் ஏற்றி இறக்குவதற்குள் அவர் துவண்டுபோகிறாராம். வாடகைக் காரோ, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதி நாள் வருவதில்லை. வாசலில் சொந்தக் கார் உறை போட்டபடி நிற்கிறது. “அவர் ஜன்னல் வழியா அதையே பார்த்துண்டு படுத்திருக்கார், டீச்சர்” என்றார் மாமி. என்னைவிட இருபது வயது மூத்தவர் என்னை ‘டீச்சர்’ என்று அழைத்தது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பிடித்துவிட்டது.

மாமி மெதுவாகக் கற்றார். ஆனால் ஒரு தடவை கற்றதை விடவில்லை. பன்னிரண்டாவது நாள். நான் தனியாக வகுப்பு எடுக்க ஆரம்பித்திருந்த சமயம். சங்கத்தின் பரீட்சைக்கு இன்னும் பத்தே நாள். அதில் தேறினால்தான் ஆசிரியை என்று என்னைப் பதிந்துகொள்வார்கள். காலை ஏழரை மணி. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு தெரு. இடது ஓரத்தில் இளநீர் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு நாய் வெளியே வந்தது.

என் கால் எனக்குத் தெரியாமலே போய் பிரேக்கில் விழுந்தது. அப்படியே ஏறி மிதித்துவிட்டேன்.

நாய் சாவகாசமாகத் திரும்பிப் போய்விட்டது. பின்னால் ‘டப்’ என்று சத்தம். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பையன் ஒருவன் ஸ்கூட்டரோடு எங்கள் பம்பரில் மோதிக் கீழே கிடந்தான். நல்ல வேளை, முழங்காலில் சிராய்ப்புத்தான். ஆனால் பையிலிருந்த சாம்பாரெல்லாம் தெருவில். யாருக்கோ கொண்டுபோக வேண்டிய டிபன். அவன் தன் முழங்காலைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தான்.

கூட்டம் கூடுவதற்குக் கேட்க வேண்டுமா? “பொம்பளை கையில வண்டியைக் குடுத்தா இப்படித்தான்” என்றார் ஒருவர். கையில் பால் பாக்கெட்டோடு நின்ற இன்னொருவர், “இந்த வயசுல இது தேவையா?” என்றார். 1993-லேயே கன்னியாகுமரிச் சீமையில் வசந்தகுமாரி என்ற பெண்மணி அரசாங்க பஸ்ஸையே ஓட்டக் கிளம்பிவிட்ட மாநிலம் இது. அதையெல்லாம் எடுத்துச் சொல்லப் பத்திரிகைக்காரிக்குத் தெரியாதா? வாய் வரவில்லை. ஏனென்றால் அப்போது சொல்ல வேண்டியது வேறொன்று.

மாமி வெலவெலத்துப் போயிருந்தார். “நானா போட்டேன்? என் கால் தானாகவே போயிடுத்தே! நான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், அதுதான் தெரியும். பிரேக் எப்படி அப்படி இறங்கித்து?” என்று முணுமுணுத்தார். பிறகு இறங்கிப் போய், அந்தப் பையனிடம், “மன்னிச்சுக்கோப்பா, நான் புதுசு” என்று சொல்லி, கைப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.

நான் பக்கத்தில் நின்றேன். பையனின் முழங்காலுக்கு மருந்து போட்டேன். ஸ்கூட்டரை நிமிர்த்திக் கொடுத்தேன். எல்லாம் செய்தேன். ‘பிரேக் போட்டது நான்’ என்ற மூன்று வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது என்று மேலே எழுதினேன் அல்லவா? அதுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன்; கிடைக்கவில்லை.

மறுநாள் மாமி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ‘உடம்பு சரியில்லை’ என்று ஒரு வரி செய்தி வந்தது.

ஐந்தாம் நாள் மாஸ்டர் பதிவேட்டைப் பிரித்தார். யார், எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று ஆசிரியரும் மாணவரும் கையெழுத்துப் போடுகிற பதிவேடு. விதிப்படி பள்ளிக்கூடங்கள் வைத்திருக்க வேண்டிய ஒன்று. மாமியின் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, “இந்தம்மா ஏன் வரலை?” என்று கேட்டார். சொல்லிவிட்டேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“பிரேக் போட்டதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். முப்பது வருஷத்துல நானும் எத்தனையோ தடவை அவசரப்பட்டுப் போட்டிருக்கேன்” என்றார் மாஸ்டர். “அந்தம்மா கிட்ட சொன்னீங்களா?”

“இல்லை.”

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். “அப்போ டெஸ்டு அப்புறம் பார்த்துக்கலாம்மா.”

அன்று மாலையே மந்தைவெளிக்குப் போனேன். மாமி காப்பி கொடுத்தார். அதைக் குடிக்காமலே விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்படின்னா என் கால் ஒண்ணும் பண்ணலையா?” என்றார் மெள்ள. “இல்லை, மாமி. நீங்கள் நாயைப் பார்த்துவிட்டீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததே சரிதான். நான் மிதிக்காமல் இருந்திருந்தால் வண்டி தானே தணிந்து போயிருக்கும்” என்றேன்.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது போய்க் கோபம் வந்தது.

“அஞ்சு நாளா நான் தூங்கலை, தெரியுமோ? இவரை உட்கார வெச்சு ஓட்டறச்சே இப்படிக் கால் தானாப் போயிடுத்துன்னா என்ன பண்றதுன்னு நெனைச்சு நெனைச்சு... காரை வித்துடலாம்னு நேத்திக்கு இவர்கிட்ட சொல்லிட்டேன். இவரும் சரின்னு தலையை ஆட்டிட்டார்.”

நான் ஐந்நூறு ரூபாயை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ‘அதெல்லாம் எதற்கு’ என்று அவர் உபசாரம் சொல்லவில்லை; எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, “காப்பி ஆறிப்போச்சு, கொண்டாங்கோ, சுட வெச்சுத் தரேன்” என்றார். அடுக்களையிலிருந்தே குரல் வந்தது: “நாளைக்கு வரேன். ஆனா ஒண்ணு. இனிமே நீங்க பிரேக் போட்டா, போட்டேன்னு வாயால சொல்லணும்.”

அன்றிலிருந்து என் கால் அந்தப் பெடலைத் தொட்டால், தெருவே கேட்கும்படி, “என் பிரேக்!” என்று சொல்கிறேன். அப்படிச் சொல்ல வேண்டுமே என்ற வெட்கத்திலேயே பாதி தடவை கால் அடங்கிவிடுகிறது. தேவையில்லாமல் எத்தனை தடவை மிதித்துக்கொண்டிருந்தேன் என்பது வாயால் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. கற்கிறவருடைய காலைப் பார்க்கவும் அப்போதுதான் பழகினேன். அதுவரை நான் தெருவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சை ஒரு மாதம் தள்ளி நடந்தது. சங்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் பின் ஸீட்டில். மாணவர் யார் என்கிறீர்கள்? மாஸ்டரேதான்! “வணக்கம் டீச்சர், எனக்கு வண்டின்னாலே பயம்” என்று கும்பிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அடேயப்பா, அந்த மனிதர் நாடகத்தில் சேர்ந்திருந்தால் பெரிய நடிகராகியிருப்பார். ஹாண்ட் பிரேக்கை எடுக்காமலே கிளப்பினார். கியர் மாற்றும்போது குனிந்து கியரையே பார்த்தார். கண்ணாடியைப் பார்க்கச் சொன்னால் தம் மீசையைப் பார்த்துக்கொண்டார். “டீச்சர், ரைட்டா?” என்று இரண்டு தடவை கேட்டார், நான் அந்தப் பொறியில் விழவில்லை. நாலு சந்து கூடும் இடம் ஒன்று வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குறுக்கே போகத் தயாராக நின்றார்கள். “பிரேக், மெதுவா” என்றேன். வேகம் குறையவில்லை. கீழே பார்த்தேன். அவர் கால் ஆக்ஸிலேட்டர் மேலேயே இருந்தது. “என் பிரேக்!” என்று கத்திக்கொண்டே மிதித்து நிறுத்தினேன். பின்னால் வந்தவரும் நிதானமாக நின்றார். கண்ணாடியில் அவரையும் பார்த்திருந்தேன்.

இறங்கியதும் மாஸ்டர், “நான்தான் போடப்போனேனே, நீங்க ஏன் போட்டீங்க?” என்று அடித்துக் கேட்டார்.

“நீங்க போடலை, மாஸ்டர். கால் ஆக்ஸிலேட்டர்லதான் இருந்தது. பார்த்துட்டுத்தான் போட்டேன்.”

அவர் பெரியவர்கள் பக்கம் திரும்பி, “எழுதிக்குங்க” என்றார். அவ்வளவுதான். சர்ட்டிபிகேட்டைக் கொடுக்கும்போது கூட அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

மாமிக்கும் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. முதல் நாள் கணவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது நானும் கூட வரவேண்டும் என்றார். போனேன். உறையை எடுத்துத் துடைத்த கார், முன்னால் இடது பக்கத்தில் மாமா, பின்னால் நான். மந்தைவெளி சந்தை ஓரமாக மாமி இரண்டாவது கியரில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தார். ஒரு மாட்டு வண்டி இல்லை, நாய் இல்லை. ஒரு கீரைக்காரி கூடையோடு தெருவைக் கடந்தாள், அவ்வளவே. மாமி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். என் வலது கால் முன் ஸீட்டின் முதுகுக்கடியில் தரையை ஏறி மிதித்தது. அதே சமயத்தில் முன்னால் இன்னொரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாமாவின் நல்ல காலும் விரிப்பின்மேல் அழுந்திக் கிடந்தது.

மாமி தெருவிலிருந்து கண்ணை எடுக்காமலே, “இந்த வண்டியில உங்க ரெண்டு பேருக்கும் பிரேக் கிடையாது. காலை எடுங்கோ” என்றார்.